மிஷின் வாயை மூடுகிற இடம்

மார்ச் 4, 2007. ஞாயிறு

டி.வி.யில் ஒரு பழுதும் இல்லையாம். பதினாலு இஞ்ச் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு சிவகாசியிலிருந்து விருதுநகர் வரை பஸ்ஸில் போனதுதான் மிச்சம். ரிப்பேர் கடை அலாவுதீன் பாய் கழற்றிப் பார்த்தார், மறுபடி மாட்டினார். "ஸ்பீக்கர் நல்லாத்தான இருக்குண்ணே. ஒங்களுக்கு என்ன கொறை தெரியுது?" என்கிறார். செய்தி வாசிக்கிறவள் சொல்லுகிறதில் பாதி விளங்கவில்லை, அதுதான் குறை. என்னிடமா சத்தத்தைப் பற்றிப் பேசுகிறார்? இருபத்திரண்டு வருடமாக விஸ்வநத்தத்தில் பட்டாசு கம்பெனியின் டெஸ்ட் ஆள் நான். ஒவ்வொரு லாட்டிலும் நாலைந்தை எடுத்துப் பொட்டலில் போட்டுப் பார்த்து, சத்தத்தை வைத்தே மருந்து கூடியிருக்கிறதா குறைந்திருக்கிறதா என்று எழுதிக் கொடுப்பவன். நான் 'கழி' என்று எழுதினால் லாட்டு முழுக்கக் கழிவு. முதலாளிகூட மறுபேச்சுப் பேச மாட்டார்.

கிளம்புகிற நேரத்தில் பாய் பழைய ரெக்கார்டு பிளேயர் ஒன்றைச் சரிபார்க்க ஒரு இசைத்தட்டைப் போட்டார். நாதசுரக் கச்சேரி. நாதசுரம் ஓய்ந்து, தவில்காரர் குச்சியால் தவிலின் தொப்பிப் பக்கத்தில் ஒரு அடி கொடுத்தார். நெஞ்சில் வந்து விழுந்தது. ஒரு சத்தம் முழுசாக என்னிடம் வந்து சேர்ந்து எத்தனை வருடம் ஆயிற்று! டி.வி. தராதது, கேசட் தராதது. பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, தட்டின் அந்தப் பக்கம் முடிகிற வரைக்கும் நின்றேன்.

வாங்கப் போகிறேன். ரெக்கார்டு பிளேயர், ஆம்ப்ளிஃபையர், இரண்டு ஸ்பீக்கர். எவர் என்ன சொன்னாலும்.

மார்ச் 5

வீட்டில் சொல்லிவிட்டேன். இருளம்மாள் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தாள். "நீங்க டி.வி. வைக்கிற சத்தத்துலயே பக்கத்து வீட்டு நாயி அடுத்த தெருவுக்குக் குடிபோயிருச்சு. இதுல ரெண்டு ஸ்பீக்கரு வேறயா?" பிளஸ் டூ பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த வேல்விழி புத்தகத்தால் முகத்தை மூடிக்கொண்டு சிரிக்கிறாள். "இப்ப எல்லாரும் சி.டி.லதான் கேக்காகப்பா." எல்லாரும் கேட்டுக்கொள்ளட்டும். எல்லாருக்கும் சேர்த்தா நான் வாங்குகிறேன்? என் போனஸ், என் ஆசை.

மார்ச் 11. ஞாயிறு

பாயிடம் மூன்று இருக்கின்றன. ஒன்று, மூடினால் சூட்கேஸ், ஸ்பீக்கர் உள்ளேயே. பார்க்க லட்சணம். "இது ஒங்களுக்கு வேண்டாண்ணே. ஊசி மாட்டுன கை ரொம்பக் கனம், ரெக்கார்டை உழுதுரும்" என்று அவரே சொல்லிவிட்டார். விற்கிறவனே வேண்டாம் என்று சொன்னது எனக்குப் பிடித்தது. இரண்டாவது கொடைக்கானல் பங்களா ஒன்றிலிருந்து வந்தது. மரப்பெட்டி, ரப்பர் பெல்ட்டில் சுற்றுவது. மூன்றாவது ஜப்பான்காரன் செய்தது. பெல்ட் கிடையாது, மோட்டார் நேரடியாகவே சுற்றுகிறது. தூக்கினால் அம்மிக்கல் கனம்.

அதில் ஊசிக் கையின் பின்பக்கம் ஒரு குண்டு இருக்கிறது. அதைத் திருகி ஊசிமேல் விழும் கனத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். ஒன்றரை கிராம் போதுமாம். ஒன்றரை கிராமில் இத்தனை சத்தம்! ஒன்றரை கிராம் மருந்தை வைத்து நாங்கள் ஒரு அணுகுண்டு வெடி கட்ட முடியுமா?

"அவசரப்படாதீக. வாராவாரம் வாங்க, மாத்தி மாத்திக் கேளுங்க. காதுக்கு எது ஒத்துக்கிடுதோ அதை எடுத்துக்கிடுங்க" என்றார் பாய். அப்படியே செய்யப் போகிறேன். என் காது சொல்லட்டும்.

மார்ச் 14

முறத்தைக் கையில் எடுத்தாலே இருளம்மாள் ஸ்பீக்கர் பேச்சை ஆரம்பித்துவிடுகிறாள். நான் டி.வி.யைக் கூட்டி வைக்கிறேன்.

ஏப்ரல் 1. ஞாயிறு

கொடைக்கானல் பெட்டியைக் கேட்டேன். ஸ்விட்சைப் போட்டதுமே அடியில் 'ம்ம்' என்று ஒரு முனகல். பாய்க்குக் கேட்கவில்லை, ஸ்பீக்கர்மேல் தலையைச் சாய்த்த பிறகுதான் ஒப்புக்கொண்டார். "எர்த் எங்க பாய்?" என்றேன். பிளேயருக்குப் பின்னால் ஒரு ஒல்லி ஒயர் எதிலும் மாட்டாமல் தொங்கிக்கொண்டிருந்தது. மருந்து ரூமுக்குள் போகும் முன்னால், வாசலில் அடித்திருக்கிற செப்புத் தகட்டில் கையை வைத்து உடம்பிலுள்ள கரண்டை மண்ணுக்கு அனுப்பிவிட்டுத்தான் நாங்கள் காலெடுத்து வைப்போம். அதைத் தினமும் செய்கிறவனுக்கு எர்த் தெரியாதா? ஒயரை ஆம்ப்ளிஃபையரில் மாட்டினார். முனகல் நின்றது. "காதுன்னா இதுண்ணே!" என்றார். எழுதி வைக்கிறேன். நாளைக்கு எவனாவது பேசினால் காட்டலாம்.

ஆனால் இந்தப் பெட்டியில் ஒரு கோளாறு. தவில் தனியாக வாசிக்கிற பகுதியில், கடைசிக்குச் சற்று முன்னால், எல்லாமே நின்றுவிடுகிறது. நாலைந்து எண்ணுகிற நேரம் ஒன்றுமே இல்லை. பிறகு தவில் திரும்ப வந்து விழுகிறது. அந்த இடத்தில் மிஷின் வாயை மூடிக்கொள்கிறது. சொன்னேன். "அங்கன தவிலுதான் நிக்குதுண்ணே. தாளம் போய்க்கிட்டுத்தான இருக்கு" என்றார் பாய். எங்கே போகிறது? வெண்கலத் தாளம் தட்டுகிற சத்தம் எனக்குத் தெரியாதா? ஊசி தேய்ந்திருக்கிறது. வேறு மாற்றி வைக்கச் சொல்லிவிட்டு வந்தேன்.

ஏப்ரல் 11. புதன்

சின்ன முதலாளி மெட்ராஸிலிருந்து சத்தம் அளக்கிற மீட்டர் வாங்கி வந்திருக்கிறார். நாலு மீட்டர் தள்ளி நின்று அளக்க வேண்டும், இத்தனைக்கு மேல் சத்தம் போனால் சர்க்கார் விடாது. மானேஜர் சீனிவாசகம் அதைக் கைக்குழந்தை மாதிரி ஏந்திக்கொண்டு பொட்டலுக்கு வந்தார். கூடவே ஒரு பொட்டலம் பஞ்சு. "காதுல வச்சுக்கிடுங்க முனியராஜண்ணே, நல்லது." தூக்கி எறிந்தேன். இருபத்திரண்டு வருடம் பஞ்சு வைக்காத காது இது. பஞ்சை வைத்துக்கொண்டு சத்தம் பார்க்கிறவன் கண்ணைக் கட்டிக்கொண்டு கலர் பார்க்கட்டும்.

ஏழு வெடி போட்டோம். மீட்டர் பார்க்கும் முன்னால் நான் சொன்னேன்: இது கூடுதல், இது சரி, இது குறைவு. ஏழும் ஏழும் ஒத்துப் போயிற்று. சீனிவாசகம் முகம் விழுந்துவிட்டது. அத்தோடு, மீட்டர் தரையில் வெடிக்கிறதுக்குத்தான். வானத்துக்குப் போகிற ராக்கெட்டை இது எங்கே எட்டிப் பிடிக்கும்? அதற்கு என் காதுதான் வேண்டும்.

ஏப்ரல் 22. ஞாயிறு

புது ஊசி. அதே இடத்தில் வாயை மூடுகிறது. ஜப்பான்காரன் மிஷினில் போடச் சொன்னேன். அதுவும் அதே இடத்தில் மூடுகிறது! அப்படியானால் தட்டில்தான் குறை. வேறு தட்டு கொண்டு வாருங்கள் பாய் என்றேன். சரி என்றார். என் காதை ஒரு தரம் பார்த்துவிட்டு டீ வாங்கிக் கொடுத்தார்.

மே 9. புதன்

இந்த சீசனுக்குப் புது ஆர்டர், விசில் ராக்கெட். மேலே போகும்போது ஊதிக்கொண்டே போக வேண்டும். முதல் லாட்டில் ஐந்து விட்டேன். ஐந்தும் ஊமையாகப் போய் ஊமையாக விழுந்தது. 'விசில் இல்லை. கழி' என்று ரிஜிஸ்டரில் எழுதினேன். வேறு என்ன எழுதுவது?

குழாய்க்குள் மருந்து செலுத்துகிற பெண்களில் மூத்தவள் ராமுத்தாய், மத்தியானம் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்துவிட்டாள். "அண்ணே, எங்க ரூம்பு வரைக்கும் கீச்சுன்னு கேட்டுச்சு. எதை வச்சுக் கழிச்சீக?" பக்கத்துக் கம்பெனிக்காரன் டெஸ்ட் போட்டிருப்பான் என்றேன். "எங்க ராக்கெட்டு எங்களுக்குத் தெரியாதாக்கும்!" என்றாள். ஆறு பெண்கள் ஒரு வாரம் செலுத்திய குழாய்கள். எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. பாவம் பார்த்தால் டெஸ்ட் ஆளாக இருக்க முடியாது.

மே 14

கழித்த லாட்டை எரிக்கும்போது ஒரு ராக்கெட் பள்ளத்திலிருந்து கிளம்பி எரிக்கிற ஆள் சங்கிலிமுத்துவின் முழங்கையை உரசிக்கொண்டு போய்விட்டது. தோல் வெந்திருக்கிறது. ஆஸ்பத்திரியில் கட்டுப்போட்டு அனுப்பிவிட்டார்கள். எரிக்கிறதுக்கு முன்னால் தண்ணீரில் நன்றாக ஊறப்போட்டிருக்க வேண்டும், இவன் அவசரக்காரன். அவன் தப்பு.

மே 20. ஞாயிறு

பாய் மதுரையில் சொல்லிவைத்து அதே கச்சேரியில் இன்னொரு தட்டு வாங்கி வைத்திருந்தார். கீறல் கிடையாது. ஜப்பான்காரன் மிஷின், புது ஊசி, புதுசு போல ஒரு தட்டு. அதே இடம். ஒன்றுமில்லை.

கத்திவிட்டேன். ஒன்றுக்கும் உதவாத சாமானாகச் சேர்த்து வைத்துக்கொண்டு என்னை ஆட்டம் காட்டுகிறீர்கள் என்று. கடையில் இரண்டு பேர் நின்றார்கள், அவர்களுக்கு முன்னாலேயே. பாய் குரலை உயர்த்தவில்லை. "கோவிச்சுக்கிடாதீகண்ணே. மதுரையில எனக்குத் தெரிஞ்ச காது டாக்டர் ஒருத்தர் இருக்காரு..."

அவர் முடிப்பதற்குள் நான் படி இறங்கிவிட்டேன்.

மே 21

காது டாக்டராம்.

மே 27. ஞாயிறு

விருதுநகர் போகவில்லை. நாள் முழுக்க வீட்டில் இருந்தேன். டி.வி.யை நான் கூட்டினால் இருளம்மாள் குறைக்கிறாள். நான் கூட்டுகிறேன். அவள் குறைக்கிறாள். கடைசியில் இரண்டு பேரும் டி.வி.யை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தோம்.

ஜூன் 5. செவ்வாய்

விசில் ராக்கெட், இரண்டாவது லாட். ஆறு விட்டேன். ஆறும் ஊமை. கழித்துவிட்டேன். திங்கட்கிழமை எரிக்கிறார்கள். கை ஆறுவதற்குள் சங்கிலிமுத்துவையே எரிக்கச் சொல்லியிருக்கிறார் சீனிவாசகம். ராமுத்தாய் இந்தத் தடவை சண்டைக்கு வரவில்லை. தூரத்தில் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டாள். அது சண்டையைவிட மோசமாக இருந்தது.

ஜூன் 10. ஞாயிறு

வேல்விழிக்கு காலேஜ் அப்ளிகேஷன் கொடுக்க விருதுநகர் போகிற வேலை. அட்மிஷன் சமயம், ஞாயிறும் ஆபீஸ் உண்டாம். முடித்துவிட்டு, "அந்த ரெக்கார்டு பாயைப் பாத்துட்டுப் போவோம்ப்பா" என்றாள். முடியாது என்றேன். கேட்டால்தானே!

பாய் பழசு எதையும் காட்டிக்கொள்ளவில்லை. "வாங்கண்ணே, வா தாயி" என்று ஸ்டூலைத் தட்டிப் போட்டார். அதே தட்டைப் போட்டார். வேண்டுமென்றேதான் போட்டிருப்பார். நான் முகத்தைத் திருப்பி, வேல்விழியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் மேஜையில் ஒரு விரலால் தட்டிக்கொண்டிருந்தாள். நாதசுரம் போயிற்று. தவில் வந்தது. விரல் தட்டிக்கொண்டே இருந்தது. பிறகு அந்த இடம் வந்தது. மிஷின் வாயை மூடிக்கொண்டது. ஸ்பீக்கரில் ஒன்றுமில்லை.

வேல்விழியின் விரல் நிற்கவில்லை.

ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. சீராக. எதைக் கேட்டுக்கொண்டு தட்டுகிறாள்? தவில் வந்து விழுந்தபோது அவள் விரலும் அதுவும் ஒன்றாக விழுந்தது. இன்னொரு தரம் போடச் சொன்னேன். "வேலு, அந்த எடத்துல என்ன கேக்கு?" என்று கேட்டேன். "தாளம் மட்டும் போகுதுப்பா. டிங் டிங்குன்னு. நல்லா இருக்கே!" என்றாள். என்னைப் பார்த்தாள். அப்புறம் அவளுக்கும் விளங்கிவிட்டது. விரலை மடக்கிக்கொண்டாள்.

பஸ்ஸில் திரும்பினோம். எனக்கு இருந்ததெல்லாம் ஒரே நினைப்புத்தான் — அந்த ராக்கெட்டெல்லாம் ஊதியிருக்கு. பதினோரு ராக்கெட்டு. பதினொண்ணும் ஊதிக்கிட்டுத்தான் போயிருக்கு. ராமுத்தா சொன்னது நெசம். சங்கிலிமுத்து கையில சுட்டது நான். நான்தான். அவன் அவசரக்காரன்னு இதே டைரியில எழுதி வச்சிருக்கேனே, பாவி. நாளைக்கு மறுபடி அவனைப் பள்ளத்துல எறக்கப் போறாக.

ஜூன் 11. திங்கள்

கம்பெனி வேன் வரும் வரை பொறுக்கவில்லை. சைக்கிளில் ஆறரைக்கே போய்விட்டேன். சங்கிலிமுத்து கட்டுப்போட்ட கையோடு ராக்கெட்டுகளைத் தண்ணீர்த் தொட்டிக்குத் தூக்கிக்கொண்டு போகத் தயாராக நின்றான். "தொடாத" என்றேன். "ஏண்ணே?" "தொடாதலே!"

ராமுத்தாயைப் பொட்டலுக்குக் கூட்டி வந்து பக்கத்தில் நிறுத்தினேன். கழித்ததிலிருந்து ஒரு ராக்கெட்டை எடுத்து வைத்துத் திரியைக் கொளுத்திவிட்டு, வானத்தைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்தேன். ராக்கெட் கிளம்பியது. ராமுத்தாய் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு முகத்தைச் சுளித்தாள். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. காற்று மட்டும் கேட்டது.

சீனிவாசகமும் வந்தார், பத்துப் பதினைந்து பேர் கூடிவிட்டார்கள். எல்லார் முன்னாலும் சொன்னேன். "ரெண்டு லாட்டும் நல்ல லாட்டு. கழிச்சது என் தப்பு. எனக்கு விசிலு கேக்கல. காது போச்சு." ராமுத்தாயிடமும் சங்கிலிமுத்துவிடமும் தனியாகச் சொன்னேன். சங்கிலிமுத்து, "விடுங்கண்ணே" என்றான். ராமுத்தாய் அப்படியெல்லாம் விடவில்லை. "மொத நாளே நான் சொன்னேன்ல? பொம்பள சொன்னா ஒங்களுக்குக் கேக்காது. அதுக்குக் காது போகணும்னு இல்ல" என்றாள். வாங்கிக்கொண்டேன்.

லாட்டு எரியவில்லை. அது போதும்.

ஜூன் 12

நாளையிலிருந்து டெஸ்ட்டுக்கு வேறு ஆள் என்று சொல்லிவிட்டார்கள். ரிஜிஸ்டரைக் கொடுக்கவில்லை. வீட்டுக்குக் கொண்டு வந்துவிட்டேன். அதில் குறிப்பு ஏறாமல் ஒரு லாட்டும் வெளியே போகாது.

ஜூன் 18. திங்கள்

ஆறு நாளாக ரிஜிஸ்டர் என் டிரங்குப் பெட்டியில். சீனிவாசகம் இரண்டு தரம் வீட்டுக்கு வந்துவிட்டார். இன்றைக்குப் பெரிய முதலாளியே கூப்பிட்டு அனுப்பினார். "என்னய்யா முனியராஜு, பதவி போன கோவமா?" என்றார். கோபம்தான், ஆனால் அதற்கில்லை. "புதுசா வர்ற பையன் காதுக்கு மூடி வாங்கிக் குடுங்க. பஞ்சு இல்ல, நல்ல மூடி. அது வந்தா ரிஜிஸ்டர் வரும்" என்றேன். "நீயே பஞ்சை எறிஞ்சவன்தானய்யா?" என்று மடக்கினார். "ஆமா மொதலாளி. எறிஞ்சவன் கெதிதான் ஒங்க முன்னால நிக்கு" என்றேன். வேலையைவிட்டே நிறுத்தினாலும் நிறுத்தட்டும் என்றுதான் நின்றேன்.

சாயங்காலம் சீனிவாசகம் போன் பண்ணினார். காது மூடிக்கு மதுரையில் ஆர்டர் போட்டாயிற்றாம், ஒன்றில்லை, நாலு. எனக்குப் பேக்கிங் செக்கிங்கில் வேலை.

ஜூன் 23

மதுரை. பாய் சொன்ன அதே டாக்டர். போனது வராது, இருப்பதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள் என்றார். கேட்காத சத்தத்தின் பட்டியலைப் படமாகவே போட்டுக் கொடுத்துவிட்டார். கனத்த சத்தம் வரைக்கும் நேராகப் போகிற கோடு, கீச்சுச் சத்தம் வருகிற இடத்தில் கிணற்றில் விழுகிற மாதிரி விழுகிறது.

ஜூலை 1. ஞாயிறு

பாயிடம் போனேன். கத்தியதற்கு மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். "அதெல்லாம் யாரு ஞாபகம் வச்சிருக்கா" என்றார். அவர் ஞாபகம் வைத்திருக்கிறார் என்று முகத்திலேயே தெரிந்தது.

பிளேயர் வாங்க வந்திருக்கிறேன் என்றேன். ஆச்சரியப்பட்டார். அப்புறம் நல்லெண்ணத்தில்தான் சொன்னார்: "அப்பன்னா கொடைக்கானல் பெட்டியை எடுத்துக்கிடுங்க, சாதா ஊசி போதும். ஜப்பான்காரனுக்குப் போடுற ஊசி மெல்லிசு. மேல்ஸ்தாயிச் சத்தத்தை அப்படியே எடுத்துக் கொடுக்கும். அதுக்குத்தான் வெலை. ஒங்களுக்கு ரெண்டும் ஒண்ணுதானண்ணே, எதுக்கு வீண் செலவு?"

ரெண்டும் ஒன்றுதான். கண்ணை மூடிக்கொண்டு கேட்டுப் பார்த்தேன், ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. டெஸ்ட் ஆளாக இருந்தால் இரண்டுக்கும் ஒரே குறிப்புத்தான் எழுதியிருப்பேன்.

"ஜப்பான்காரனைக் கட்டுங்க பாய். மெல்லிசு ஊசியோட" என்றேன்.

"அண்ணே..."

"எங்க வீட்டுல மூணு பேரு இருக்கோம். அதுல ஒருத்தனுக்குக் கேக்கலங்கிறதுக்காக மத்த ரெண்டு பேரும் எதுக்குக் கொறையாக் கேக்கணும்?"

பாய் ஜப்பான்காரனை எடுத்துக் கட்டினார். எர்த் ஒயரை மறக்காமல் தனியாகச் சுருட்டிக் கொடுத்தார்.

ஜூலை 8. ஞாயிறு

மாட்டி ஒரு வாரம் ஆகிறது. சத்தம் எவ்வளவு வைப்பது என்பது வேல்விழி பொறுப்பு. அவள் வைக்கிற அளவில் எனக்குத் தவில் நன்றாக வருகிறது, நாதசுரம் முக்கால்வாசி வருகிறது, வராதது வரவில்லை. கூட்டச் சொல்லவில்லை.

இன்று மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அந்தக் கச்சேரியைப் போட்டேன். இத்தனை நாளும் பெட்டியைத் திரும்பிக்கூடப் பார்க்காத இருளம்மாள், சுவரில் சாய்ந்து கத்தரிக்காய்க் காம்பைக் கிள்ளிக்கொண்டிருந்தவள், திடீரென்று தலையைத் தூக்கினாள். "அந்தத் தாளக்காரன் ஒரு எடத்துல பிந்துதான்" என்றாள்.

"அதெல்லாம் சரியாத்தான் போடுதான்" என்றேன்.

"ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தவிலு சரியா வந்து விழுதுல்ல? தாளம் பிந்துனா அது எப்படி விழும்?"

"பிந்துதாங்க. நான் கேட்டேன்."

"பிந்தல!"

நானும் விடவில்லை, அவளும் விடவில்லை. ஒரு சொட்டுக்கூடக் கேட்காத தாளத்துக்கு நான் தொண்டை கிழியச் சண்டை போட்டேன். வேல்விழி வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்குள் ஓடிவிட்டாள்.

கத்தரிக்காய்ச் சட்டியை நகர்த்தி வைத்துவிட்டு இருளம்மாள் பெட்டிக்குப் பக்கத்தில் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். "மறுபடி போடுங்க, காட்டுதேன்" என்றாள்.

ஊசியை எடுத்து முதலிலிருந்து வைத்தேன்.